படிக்காமல் போடும் மதிப்பெண்

ஓர் ஆய்வுக்கட்டுரையைப் பிற்காலத்தில் யார் எடுத்தாண்டார்கள், யார் மறுத்தார்கள் என்று காட்டும் அட்டவணை ஒன்று வேண்டும் எனத் தகவல் அறிவியலாளர் யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். தவறான தரவைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாளும் பழக்கம் அதனால் குறையும் என்பது அவருடைய எதிர்பார்ப்புகளில் ஒன்று. 1964இல் பிலடெல்பியாவிலிருந்து அவருடைய நிறுவனம் ‘சயின்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ்’ வெளியிட்டது. கவனமாகப் படிக்க உதவ வந்த அந்தக் கருவி, இன்று பல தேர்வுக் குழுக்களில் படிக்காமல் இருப்பதற்கு அனுமதிச் சீட்டாகிவிட்டது. விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் மொத்த மேற்கோள், எச்-இன்டெக்ஸ், கூட்டாய்வு செய்த நாடுகள் என்று எண்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை இறங்குவரிசையில் அடுக்கி, மேலே இருப்பவர்களை மட்டும் நேர்காணலுக்கு அழைத்தால் வேலை முடிந்தது. லஞ்சமோ சிபாரிசோ கலக்காத இந்த முறையில் அநீதி இருக்கிறதா?

எண் எதை அளக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த எச்-இன்டெக்ஸின்படி, ஒருவருடைய 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருக்கு 20. நான்கே கட்டுரை எழுதியவர், அவை ஒரு துறையையே புரட்டிப்போட்டாலும், நான்கைத் தாண்ட முடியாது. ஹிக்ஸ் துகளை முன்கணித்த இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ், அந்தக் கணிப்பை வெளியிட்ட 1964க்குப் பிறகு எழுதிய கட்டுரைகள் பத்துக்கும் குறைவு. இன்றைய சூழலில் தமக்குக் கல்வித்துறையில் வேலை கிடைக்காது என்று நோபல் பரிசு பெற்ற 2013இல் அவரே சொன்னார்.

ஏன் மேற்கோள் காட்டினார்கள் என்பதும் எண்ணுக்குத் தெரியாது. எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்டு ‘லான்செட்’டில் 1998இல் வந்த கட்டுரையை இதழே 2010இல் திரும்பப் பெற்றது. அதை மறுத்து எழுதியவர்களும் எச்சரித்தவர்களும் அதை மேற்கோள் காட்டத்தான் வேண்டியிருந்தது. கணக்கில் கண்டனமும் பாராட்டும் ஒன்றே. மறுபக்கம், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் சேர்ந்து 1963இல் வெளியிட்ட வரைபடம். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் முடியாது என்று காட்டும் படம் அது. உலகில் எங்கு ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தாலும், அது சரிதானா என்று அந்தப் படத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். ‘ராமச்சந்திரன் வரைபடம்’ என்ற பெயரே போதும் என்றாகிவிட்டதால், மூலக் கட்டுரையைக் குறிப்பிடாமலே அதைப் பயன்படுத்துவோர் பலர். ஓர் உழைப்பு அறிவியலின் அன்றாடத்தில் முழுவதும் கரைந்துபோவதைவிடப் பெரிய தாக்கம் எது?

கூட்டாய்வுக் கணக்கு இன்னும் சிக்கலானது. ஹிக்ஸ் துகளின் நிறையைத் துல்லியமாகச் சொன்ன 2015ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆசிரியர்கள் 5,154 பேர். 33 பக்கங்களில் 24 பக்கம் அவர்கள் பெயரும் நிறுவனங்களும். இதில் குற்றம் காண முடியாது. அந்த ஆய்வுக்குப் பயன்பட்ட, செர்ன் ஆய்வகத்தில் இருக்கும் கருவிகளைச் சிலர் மட்டும் கூடிக் கட்டிவிட முடியாது. ஆனால் மூவர் எழுதிய கட்டுரைக்கும் இதற்கும் ஒரே மாதிரி தலைக்கொரு மேற்கோள் போடும் கணக்கு எந்த நியாயத்தில் சேரும்? இதைவிட உறுத்துவது சிறிய இடங்களில் நடப்பது. ஆய்வகத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்காத மேலதிகாரியின் பெயர் கட்டுரையில் ஏறுகிறது. இரவெல்லாம் மாதிரிகளைக் காத்த தொழில்நுட்ப உதவியாளர் கடைசி வரியில் ஒரு நன்றியோடு நின்றுவிடுகிறார். தரவில் மோசடி வெளிப்பட்டால் மட்டும், அந்தப் பகுதி தமக்குத் தெரியாது என்று மேலதிகாரி ஒதுங்கிக்கொள்ள வழி இருக்கிறது. பெயர் போடுவது பொறுப்பேற்பது என்றுதான் இருக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் எண்ணைத் தூக்கியெறி என்று சொல்ல மனம் வரவில்லை. சிபாரிசும் சாதியும் குழுவும் ஆட்களைத் தீர்மானித்த, இன்னும் தீர்மானிக்கிற இடங்களில், யாருடைய ஆதரவும் இல்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு எண் ஒரு கேடயம். “என் கட்டுரையை இத்தனை பேர் எடுத்தாண்டிருக்கிறார்கள், என்னை எப்படி ஒதுக்கினீர்கள்?” என்று அவரால் கேட்க முடிகிறது. நிபுணர்களின் தீர்ப்பு என்ற பெயரில் பழைய பாரபட்சமே திரும்பி வரலாம் என்ற அச்சத்தை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது.

ஆனால் அந்தக் கேடயமும் சாய்ந்தே நிற்கிறது. ஏற்கெனவே புகழ் பெற்றவருக்கே மேலும் புகழ் சேரும் என்பதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968இலேயே விளக்கிவிட்டார். கணிதத்தைவிட மருத்துவ உயிரியலில் மேற்கோள் பெருகுவதும், ஒரு மாவட்டத்து நெற்பயிரின் நோயை ஆராய்பவருக்கு உலக வாசகர் குறைவதும் ஆய்வின் தரத்தைப் பொறுத்தவை அல்ல. எண்ணையே வாசலாக்கினால் அது மனிதரையும் வளைக்கும். இத்தாலியில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பேராசிரியர் தகுதியில் மேற்கோள் எண்களுக்கு எல்லை வகுத்தார்கள். அதன்பின் அந்நாட்டு ஆய்வாளர்கள் தங்களையும் தங்கள் நாட்டவரையும் மேற்கோள் காட்டும் விகிதம் கூடியதை ஆல்பெர்ட்டோ பச்சினியும் அவருடைய சகாக்களும் 2019இல் காட்டினார்கள். அவர்கள் எல்லோரையும் கயவர்கள் என்று தள்ள முடியாது. வேலை வேண்டியவர் வாசலின் அளவுக்குத் தம்மைச் செதுக்கிக்கொள்கிறார். பழியில் பெரும்பங்கு வாசலை அப்படி வைத்தவர்களுக்கு.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 2021இல், பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் இதழ்களின் இம்பாக்ட் ஃபாக்டரை, அதாவது ஓர் இதழின் கட்டுரைகள் பெறும் சராசரி மேற்கோள் எண்ணை, கைவிடப்போவதாக அறிவித்தது. அளவுகோல் போனால் தான்தோன்றித்தனம் வரும் என்று அந்நாட்டு அறிவியலாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். இரு தரப்பின் கவலையும் மெய். எண் தீர்ப்புச் சொல்லக் கூடாது, காரணம் கேட்கலாம். விண்ணப்பதாரர் தாமே தேர்ந்தெடுத்துத் தரும் மூன்று நான்கு கட்டுரைகளைக் குழு படிக்கட்டும். மேற்கோள் மிகுந்த ஒருவரை நிராகரித்தாலும், குறைந்த ஒருவரை எடுத்தாலும், அதற்கான காரணத்தை எழுதிக் கையொப்பமிட்டு அவருக்கே தரட்டும். இதற்கு நாள் பிடிக்கும், ஆளும் பிடிக்கும். படிக்கும் பேராசிரியருக்கு அந்த வாரத்தின் வகுப்புகளைக் குறைத்து, அந்தப் படிப்பையும் அவருடைய பணியாகக் கணக்கில் எழுதும் பொறுப்பு நிர்வாகத்தினுடையது.