பிறர் பிணியும் தன் மெய்வருத்தமும்

புற்றுநோய் மருத்துவத்துக்கு நிதி திரட்டுவதற்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டும் வழக்கம், ஒருவர் தம் உடலை வருத்திக்கொள்வதால் இன்னொருவரின் நோய் தணியுமா என்னும் பழைய கேள்வியைப் புதிய வடிவில் எழுப்புகிறது. 1980-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 36 பேருடன் தொடங்கிய பான்-மாஸ் சேலஞ்ச் பயணமும் அதையொத்த பிறவும் ஏறத்தாழ ஒரே முறையில் நடப்பவை: ஓட்டுபவர் இன்ன தொலைவு கடப்பதாக அறிவிப்பார், அவரை அறிந்தோர் அதன்பொருட்டு ஒரு தொகை தருவர், திரண்ட பணம் மருத்துவமனைக்கோ ஆய்வுக்கோ போய்ச் சேரும். மிதிப்பவரின் முழங்கால் வலி எந்த நோயாளியின் கட்டியையும் கரைப்பதில்லை; பணம் தருபவர் அந்த வலிக்குக் காத்திராமல் வீட்டிலிருந்தே தந்துவிடலாம் என்பதும் உண்மை. ஆனாலும் வலி இல்லாத இடத்தில் பணம் அவ்வளவு எளிதில் திரள்வதில்லை.

தமிழருக்கு இதில் வியப்பு குறைவு. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் தாய் காவடிக்கு நேர்ந்துகொள்வதும், ஈரத்துணியோடு கோயில் பிராகாரத்தை உருண்டு வலம்வரும் அங்கப்பிரதட்சிணம் செய்வதும் இன்றும் நடப்பவை. ஆனால் நேர்த்திக்கடன் என்பது தெய்வத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் தீர்வு. மிதிவண்டிப் பயணத்திலோ ஒப்பந்தம் மனிதரோடு, அதிலும் பெரும்பாலும் உறவினரோடும் அலுவலக நண்பரோடும்.

சைவ சித்தாந்தம் இவ்விடத்தில் கடுமையாக நிற்கிறது. முற்பிறவிகளில் ஈட்டி இன்னும் நுகராமல் குவிந்து கிடக்கும் வினை சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவிக்கென வந்து பலன் தருவது பிராரத்தம், அதை நுகரும்போதே புதிதாக ஏறுவது ஆகாமியம் என மூன்றாக வகுத்து, ஒவ்வோர் உயிரும் தன் வினையைத் தானே நுகரவேண்டும் என்று அது கூறும். இக்கொள்கைப்படி ஒருவரின் தவம் மற்றொருவரின் கணக்கில் வரவு வைக்கப்படுவதில்லை. மிதிவண்டி ஓட்டுபவரைப் பிறருக்குப் பதிலாகத் துன்புறும் தியாகியாகக் காணும் பார்வைக்கு இங்கே இடமில்லை, அதனால் இழப்பும் இல்லை.

ஆனால் வினைக்கொள்கையைக் காட்டிக் கைகட்டி நிற்பதற்கும் இம்மரபில் இடமில்லை. சிதம்பரத்துக்குத் தெற்கே சீர்காழியில் பிறந்த ஞானசம்பந்தர், கொங்குநாட்டில் தம் அடியார் கூட்டத்தைக் குளிர்சுரம் பற்றியபோது திருநீலகண்டத் திருப்பதிகம் பாடினார். இது அந்த வினையின் பயன் என்று சொல்லிவிட்டு உய்யும் வழியைத் தேடாமலிருப்பது குறையல்லவா என்பதே அப்பதிகத்தின் தொடக்கக் கேள்வி. நோயின் காரணத்தை விளக்குவது வேறு, நோயாளிக்குச் செய்யவேண்டியது வேறு என்னும் இந்தப் பிரிப்பு மேலே கூறிய கடுமையை வெகுவாக நெகிழ்த்துகிறது.

இம்மரபிலேயே, கடலூர்ப் பகுதியில் நடந்ததாகச் சொல்லப்படும் இன்னொரு கதை இன்னும் கூர்மையானது. பெரியபுராணத்தின்படி, திருநாவுக்கரசர் இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில் சமண மடத்தில் இருந்தபோது சூலை என்னும் கொடிய வயிற்றுநோய் அவரைப் பற்றியது. மந்திரித்த நீரும் மயிற்பீலியும் பலிக்காமற்போகவே தமக்கை திலகவதியாரை அழைத்து ஆளனுப்பினார், அவரோ அங்கு வர மறுத்துத் திருவதிகையிலேயே இருந்தார். நோயோடு இரவில் அத்தொலைவை நடந்து கடந்தவர் தம்பிதான். தமக்கை செய்தது, வந்தவருக்குத் திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றது.

தொலைவு நோயாளியின் தலையில் விழுவது இன்றும் மாறவில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாளாகப் பல வாரம் நீள்வது. எடுத்துக்காட்டாக, சிதம்பரத்துக்காரர் ஒருவர் அதற்காகப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ, முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ போக நேர்ந்தால், சிகிச்சையின் அயர்வோடு பேருந்து இருக்கையையும் துணைக்கு வருபவரின் கூலியிழப்பையும் சேர்த்துச் சுமக்கவேண்டும். இலங்கையின் வடபகுதி நோயாளிகள் கொழும்பை அடுத்த மகரகமவின் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகவேண்டியிருந்த நிலையில், 2011-இல் ‘டிரெயில்’ என்ற பெயரில் ஒரு குழுவினர் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீட்டரை 27 நாளில் நடந்து கடந்தனர். அதில் திரண்ட நிதி வடபகுதியிலேயே உள்ள தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனையாயிற்று. 2016-இல் அதே வழியை எதிர்த்திசையில் நடந்து, தெற்கே காலி நகரை அடுத்த கராப்பிட்டியவில் அமையவிருந்த மருத்துவமனைக்கு நிதி சேர்த்தனர். நோயுற்றவர் தீவின் நீளத்தைக் கடக்கவேண்டியிராதபடி நலமுள்ளவர் அதை ஒருமுறை கடந்தனர் என்று இதைச் சொல்லலாம். வினைக்கணக்கு கைமாறாவிட்டாலும் வழிநடையின் சுமை கைமாறுகிறது, உடல் வருத்தத்துக்கு அவ்வளவு பயன் போதும். மிதிவண்டிப் பயணங்களில் ஓட்டுபவரின் சட்டையில் அச்சாகும் நன்கொடை நிறுவனங்களின் விளம்பரங்களை எள்ளுவோரும், அந்த விளம்பரத்தொகை நோயாளி போகும் வழியைக் குறைக்கிறதா என்று கேட்டால் போதுமானது.

எனினும் இவ்விளக்கம் எட்டாத இடம் ஒன்று உண்டு. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு மிதிவண்டியில் போவோர் குடிகாடு, பச்சையாங்குப்பம் முதலிய ஊர்களை ஒட்டிய சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டியே போகவேண்டும். வேதிப்பொருள் ஆலைகள் செறிந்த அவ்விடத்துக் காற்றைப் பற்றி ஊர்மக்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர், அங்குள்ள நச்சு வாயுக்களால் புற்றுநோய் அபாயம் கூடுவதாக ஆய்வுகளும் எச்சரித்துள்ளன. துன்பத்தை அதன் தோற்றுவாய் நோக்கி மூன்றாக்கும் இந்திய மெய்யியல், பிற உயிர்களால் நேர்வதை ஆதிபௌதிகம் என்னும். ஒருவரின் பிராரத்தம் என்று சொல்லப்படும் நோய் மற்றொருவரின் ஆகாமியத்திலிருந்து, அதாவது இப்போது இங்கே செய்யப்படும் வினையிலிருந்து வருமாயின், உய்யும் வழி தேடச்சொன்ன சம்பந்தரின் கேள்வி மருத்துவமனை வாசலோடு நின்றுவிடாது. நிதி திரட்டும் பயணம் அந்த ஆலைகளின் நன்கொடையையும் ஏற்கலாமா என்பதில் தொடங்கி, காற்றை அளக்கும் கருவிக்கும் வழக்குச் செலவுக்கும் அந்நிதியில் பங்குண்டா என்பது வரை அது நீளும்.