விடுபட்ட பெயர்கள்

பொதுக்காலம் 3ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு
நெகேமியா 8:2-4அ, 5-6, 8-10, 1 கொரிந்தியர் 12:12-30, லூக்கா 1:1-4, 4:14-21



எஸ்ரா மரமேடையில் நின்று திருச்சட்ட நூலை வாசித்ததை இன்றைய முதல் வாசகத்தில் கேட்டோம். காலையில் தொடங்கியவர் நண்பகல்வரை வாசித்திருக்கிறார். ஆண்கள், பெண்கள், விவரம் தெரிந்த பிள்ளைகள் என்று எல்லாரும் தண்ணீர் வாயிலுக்கு முன்னால் கூடிக் கேட்டார்கள், கேட்டு அழுதார்கள். ஆனால் நாம் கேட்காத ஒன்றும் அங்கே உண்டு. எஸ்ரா தனியாக நிற்கவில்லை. வலப்பக்கம் ஆறு பேர், இடப்பக்கம் ஏழு பேர் அவரோடு நின்றார்கள். அந்தப் பதின்மூன்று பேரின் பெயர்களும் நான்காம் வசனத்தின் பின்பாதியில் இருக்கின்றன. திருப்பலி வாசகத்தில் அந்தப் பாதி வருவதில்லை. இந்த வாசகத்துக்கு நான் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். அந்தப் பதின்மூன்று பேரைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை. போன சனிக்கிழமை நம் பிள்ளைகள்தான் அவர்களை நினைக்க வைத்தார்கள்.

மறைக்கல்வி முடிந்தபிறகு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் பங்கு மண்டபத்தில் ஒரே ஒரு மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகளுக்காக எழுதிய தமிழ் எழுத்தாளர்களைப் பற்றி ஓர் இணையதளம் செய்யச் சொல்லி ஆசிரியர் கொடுத்த வேலை. அழ. வள்ளியப்பா, வாண்டுமாமா, பெரியசாமித் தூரன், பூவண்ணன், ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’ எழுதி 2010இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்ற மா. கமலவேலன் என்று ஆளுக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரித்தது பேச்சோடு சரி. வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை கணினியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, ஐந்து பக்கங்களையும் அவளே முடித்துவிட்டாள். “மத்தவங்ககிட்ட குடுத்தா தப்பு வந்துரும் ஃபாதர்” என்றாள். பக்கங்கள் அழகாக இருந்தன. நான் அவளை மட்டும் பாராட்டினேன். அது என் தவறு.

ஓரத்தில் ஒரு பையன் இருந்தான். வாசிப்பதில் நிதானமானவன்; இப்போதும் வரிக்குக் கீழே விரலை வைத்துத்தான் வாசிப்பான். “உனக்கு என்ன வேலை?” என்று கேட்டேன். “எனக்கு ஒண்ணும் தெரியாது ஃபாதர், சும்மா பாத்துக்கிட்டிருக்கேன்” என்றான். திரையிலும் அப்படித்தான் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது. “ஏ பிள்ள, வள்ளியப்பா 1989இல செத்துட்டாருன்னு போட்டிருக்க. 1992இல எப்படிப் பொறந்தாரு?”

மண்டபம் அமைதியாகிவிட்டது. அவர் புதுக்கோட்டைப் பக்கம் இராயவரத்தில் பிறந்தது 1922இல். வேகமாக அடித்த விரலுக்கு 2க்கும் 9க்கும் வித்தியாசம் தெரியவில்லை. நானும் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன், மற்ற மூன்று பிள்ளைகளும் பார்த்தார்கள். எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. மெதுவாக வாசிக்கிறவன் கண்ணில்தான் பட்டது. அந்தப் பெண்பிள்ளை ஒரு நிமிடம் பேசாமல் இருந்தாள். பிறகு கணினியை அவன் பக்கம் திருப்பி, “மீதி நாலையும் பாரு” என்றாள். அவள் அதைச் சொன்ன விதத்தில் கோபம் இல்லை. எனக்கு அந்த இடத்தில்தான் இன்றைய இரண்டாம் வாசகம் புரிந்தது.

பவுல் உடலைப் பற்றிப் பேசும்போது இரண்டு தவறுகளைச் சொல்கிறார். கண் கையைப் பார்த்து நீ எனக்குத் தேவையில்லை என்று சொல்லும் தவறு நமக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றித்தான் எப்போதும் பேசுகிறோம். ஆனால் அதற்கு முன்னாலேயே அவர் வேறொரு தவறைச் சொல்லிவிடுகிறார். நான் கை இல்லை, ஆகவே நான் இந்த உடலைச் சேர்ந்தவன் இல்லை என்று கால் ஒதுங்கிக்கொள்கிறது. கண்ணின் தவறு அந்தப் பெண்பிள்ளையுடையது. காலின் தவறு அந்தப் பையனுடையது. ஒருத்தி மற்றவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை, ஒருவன் தன்னையே கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டிலும் உடல்தான் குறைபடுகிறது. அந்தப் பையன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், 1992 அப்படியே கிடந்திருக்கும்.

இந்தக் கணக்குத் தப்பை நம் மதுரை மறைப்பணித்தளத்தில் உழைத்த ஒரு குருவானவர் கதையாகவே எழுதிவைத்திருக்கிறார். வீரமாமுனிவரைத்தான் சொல்கிறேன். அவருடைய பரமார்த்த குருவின் கதை 1822இல் இலண்டனில் அச்சாகியது. தமிழ்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் சிரித்துப் படித்த கதை அது. குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்து கரையேறி, எல்லாரும் வந்துவிட்டோமா என்று எண்ணுகிறார்கள். எண்ணுகிறவர் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறார், ஐந்துதான் வருகிறது. அடுத்தவர் எண்ணினாலும் ஐந்துதான். ஆறு ஒருவரை விழுங்கிவிட்டது என்று கரையிலேயே ஒப்பாரி வைக்கிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து ஒவ்வொருவர் முதுகிலும் தட்டி எண்ணிக் காட்டியபிறகுதான் ஆறு பேரும் இருப்பது தெரிகிறது. வைகைக்கரைப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொடுங்கள். சிரித்துவிட்டு, “உன்னை நீ எண்ணினாயா?” என்றும் கேளுங்கள். படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு அந்தக் கேள்வி மிகவும் தேவை.

நம் மதுரையின் பெயரிலேயே நடக்கிற ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் அறிஞராக இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கினார். தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கும்படி இணையத்தில் வைக்கிற வேலை அது. முதலில் வந்தது திருக்குறள். அதன்பிறகு நூற்றுக்கணக்கான நூல்கள் வந்துவிட்டன. செய்தவர்கள் பல நாடுகளில் வாழும் தமிழர்கள், கூலி வாங்காதவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சேர்ந்து உழைத்தவர்கள் பலர். அந்த நூல்களைத் திறந்தால் முகப்பிலேயே நன்றி சொல்லியிருக்கும். தட்டச்சு செய்தவர் இன்னார், பிழை திருத்தியவர் இன்னார் என்று பெயர் போட்டிருக்கும். நூலாசிரியருக்குப் பக்கத்தில் பிழை திருத்தியவரின் பெயரும் நிற்கிறது. எஸ்ராவுக்குப் பக்கத்தில் நின்றவர்களைப் போல.

வள்ளியப்பாவே அப்படிப்பட்டவர்தான். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதினார். தான் எழுதினால் போதும் என்று இருக்கவில்லை. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கி மற்றவர்களையும் எழுத வைத்தார்.

நற்செய்தியைக் கவனித்தீர்களா? எனக்கு முன்னாலும் பலர் எழுத முயன்றார்கள், கண்ணால் கண்டவர்கள் சொன்னதைக் கேட்டு நானும் ஆராய்ந்து எழுதுகிறேன் என்று லூக்கா தியோபிலிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார். பிறகு ஆண்டவர் நாசரேத்தின் தொழுகைக்கூடத்தில் எழுந்து நிற்கிறார். அவர் கையில் ஒருவர் சுருளேட்டைக் கொடுக்கிறார். ஆண்டவர் வாசிக்கிறார், சுருட்டுகிறார், ஏவலரிடம் திருப்பிக் கொடுக்கிறார். அந்த ஏவலரின் பெயர் நமக்குத் தெரியாது. ஏசாயாவின் சொற்களைப் படியெடுத்தவர் யாரென்றும் தெரியாது. வார்த்தையானவரே மனிதரான பிறகு, பிறர் எழுதிப் பாதுகாத்த ஏட்டைக் கையில் வாங்கித்தான் வாசித்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

திருவிழாவில் சப்பரம் தூக்குகிற இளைஞர்களே, சேர்ந்து சுமப்பதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோள் உயரம் ஒத்துவராவிட்டால் என்ன செய்வீர்கள்? உயரமானவர் கொஞ்சம் குனிவார். குட்டையானவர் துண்டை மடித்துத் தோளில் வைத்துக்கொள்வார். குனிய மறுத்தால் சப்பரம் சாய்ந்துவிடும். துண்டை வைக்காமல் சும்மா கூடவே நடந்துவந்தால், அவருடைய பாரம் அடுத்தவர் தோளில் ஏறும்.

பெற்றோரே, பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் “யார் முதல் மார்க்?” என்று கேட்கிற வழக்கம் நம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. நாளைக்கு ஒருநாள் “இன்னைக்கு யாரோட சேந்து செஞ்ச? அந்தப் பிள்ளை என்ன செஞ்சுச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தெரியாமல் பிள்ளை விழித்தால், அவன் கூட உட்கார்ந்திருந்தவனைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். ஆசிரியர்களே, குழுவாகச் செய்த வேலைக்கு மதிப்பெண் போடும்போது பிழை கண்டுபிடித்த பிள்ளைக்கும் போடுங்கள்.

நம் பிள்ளைகள் அந்த இணையதளத்தின் கடைசிப் பக்கத்தில் ஐந்து பேருடைய பெயர்களையும் எழுதிவிட்டார்கள். ‘பிழை பார்த்தவர்’ என்று ஒரு வரி தனியாக இருக்கிறது. பழைய கோகுலம் இதழோ, வாண்டுமாமா கதைப் புத்தகமோ வீட்டுப் பரணில் இருந்தால் அவர்களுக்குக் கொண்டுவந்து கொடுங்கள். பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவார்கள்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் இந்த ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாக அறிவித்தார். ஆகவே இன்று மாலை ஒன்று செய்யுங்கள். வீட்டில் விவிலியத்தை எடுத்து, நெகேமியா நூலின் 8ஆம் அதிகாரம், 4ஆம் வசனத்தைத் திறந்து, அந்தப் பதின்மூன்று பெயர்களையும் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். வாயில் நுழையாத பெயர்கள்தான். விரலை வைத்து மெதுவாகவே வாசிக்கட்டும்.