டாக்டரின் கட்சியும் நோயாளியின் மருந்துச் சீட்டும்

2024 மக்களவைத் தேர்தலில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வாக்காளர்களுக்கு ஒரு விநோதம் வாய்த்தது. இரு ஊர்களும் அடங்கிய தென்காசி தனித்தொகுதியில் மோதியவர்களில் இருவர் டாக்டர்கள். தி.மு.க.வின் ராணி ஸ்ரீகுமார், சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையில் பணியாற்றிய மயக்க மருந்து நிபுணர். அ.தி.மு.க.வின் இரட்டை இலைச் சின்னத்தில் நின்றவர் புதிய தமிழகம் கட்சித் தலைவர் கிருஷ்ணசாமி. இவர் 2017இல் நீட் தேர்வை ஆதரித்துப் பேசியவர். ராணியின் கட்சியோ அந்தத் தேர்வுக்கு விலக்கு கேட்டு 2021இல் சட்டமன்றத்தில் மசோதாவே நிறைவேற்றியது. ராணி ஏறக்குறைய 2 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

இருவரும் மருத்துவம் படித்தவர்கள்தான். பிறகு ‘டாக்டரே சொல்லிட்டாரு’ என்ற பேச்சுக்கு அரசியலில் எவ்வளவு எடை கொடுப்பது?

டாக்டருக்கு அரசியல் எதற்கு என்று தமிழ்நாட்டில் யாரும் கேட்க முடியாது. நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் டி.எம். நாயரும் நடேச முதலியாரும் டாக்டர்கள். 1927இல் சென்னை மாகாண சட்டமன்றத்துக்குள் நுழைந்த முத்துலட்சுமி ரெட்டியும் அப்படியே. கேள்வி, அந்த அரசியல் எந்த வாசல்வரை வரலாம் என்பதுதான்.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் ஏராளம். அங்கிருந்து ஒரு தறித் தொழிலாளி இருமலோடு வந்து ஸ்டூலில் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தறி ஓட்டுகிறார், பஞ்சுத் தூசி எவ்வளவு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றெல்லாம் டாக்டர் கேட்டே ஆக வேண்டும். எல்லாமே அரசியலோடு ஒட்டியவைதான். ஆனாலும் வைத்தியத்துக்குத் தேவை. எந்தக் கட்சிக்கு ஓட்டு என்ற பேச்சு மட்டும் அங்கே ஆகாது. டோக்கன் வாங்கிக் காத்திருந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பவரால் டாக்டரோடு எதிர்வாதம் செய்ய முடியுமா?

கட்சிச் சார்பு தங்கள் கையெழுத்துவரை இறங்காது என்று பல டாக்டர்கள் நம்புகிறார்கள். அமெரிக்காவில் ஈட்டன் ஹெர்ஷ், மேத்யூ கோல்டன்பர்க் இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. கஞ்சா, கருக்கலைப்பு, வீட்டில் துப்பாக்கி போன்ற விவகாரங்களில், கட்சிக்குத் தகுந்தபடி டாக்டர்களின் ஆலோசனையும் மாறியது.

பொது மேடையில் சிக்கல் வேறு. மருந்தில்லாத அலமாரியையும் ஆளில்லாத பணியிடத்தையும் தினமும் பார்ப்பவர் அரசு டாக்டர். அரசு ஊழியர் நடத்தை விதிகள் அவரை அரசின் கொள்கையை விமர்சிக்க விடுவதில்லை. தாராளமாகப் பேசக்கூடியவர் தனியார் டாக்டர். அவருக்கோ சொந்த லாப நஷ்டம் இருக்கிறது.

லாபம் இருப்பதாலேயே ஒரு கருத்து தப்பாகிவிடாது. முதுநிலைப் படிப்பில் 50 சதவீத இடம் தங்களுக்கு வேண்டும் என்று தமிழ்நாட்டு அரசு டாக்டர்கள் போராடினார்கள். இப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 31 அன்று சொன்னது. பலன் டாக்டர்களுக்குத்தான். ஆனால் படித்து முடித்த நிபுணர் அரசு மருத்துவமனைக்கே திரும்பி வந்தால், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் மதுரைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

ஜெனரிக் மருந்து விவகாரத்தில் டாக்டர் நலனும் நோயாளி நலனும் அப்படிப் பொருந்தவில்லை. மருந்தின் பொதுப்பெயரைத்தான் எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி போட்டது. தரத்துக்கு யார் பொறுப்பு என்று இந்திய மருத்துவ சங்கம் எதிர்த்தது. நியாயமான கேள்விதான். சில வாரங்களிலேயே விதிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. மருந்து கம்பெனிகளின் பரிசு, பயணச் செலவு பற்றி அதே விதிகளில் இருந்த கட்டுப்பாடுகளும் கூடவே நின்றுபோயின.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் பொதுப்பெயரில்தான் மருந்து வாங்குகிறது. ஆய்வகச் சோதனைக்குப் பிறகே அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. தரம்தான் கவலை என்றால், மருந்துக் கடைக்கு வரும் மாத்திரைக்கும் இந்தச் சோதனை வேண்டும் என்று டாக்டர் சங்கங்கள் கேட்கட்டும். கம்பெனிப் பரிசு எங்களுக்கு வேண்டாம் என்று அதே தீர்மானத்தில் எழுதட்டும்.