தெற்கே நிற்கும் சிலுவை



பாஸ்கா இரவுத் திருப்பலி முடிந்து, கையில் அணைந்த மெழுகுதிரியோடு கோவிலைவிட்டு வெளியே வரும்போது நள்ளிரவு நெருங்கிவிடும். டிக்கோயாவில் அந்நேரம் பனிமூட்டம் இல்லாதிருந்தால் தெற்கே, மலைமுகட்டுக்கு மேலே, நான்கு விண்மீன்கள் நிமிர்ந்த சிலுவையாக நிற்பதைக் காணலாம். உச்சியில் உள்ளது மட்டும் செந்நிறம். மற்ற மூன்றும் நீலம் கலந்த வெண்மை.

"அந்தச் சிலுவையைச் சாமியா அங்க வச்சாரு?" என்று தோளில் தூங்கி வழியும் பிள்ளை கேட்கிறது. "ஆமா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறோம். பக்தியால் வரும் பதில் அது. கொஞ்சம் குளிராலும் வருகிறது! ஆனால் அது உண்மையான பதில்தானா? விசுவாசத்தை வளர்ப்பதற்கென்று ஓர் அரை உண்மையைப் பிள்ளைக்குச் சொல்லலாமா?

உச்சியிலுள்ள அந்தச் சிவப்பு விண்மீனைக் காக்ரக்ஸ் என்கிறார்கள் வானநூலார். 'சிவப்பு அரக்கன்' என்னும் வகையைச் சேர்ந்தது அது. விண்மீனின் மையத்திலுள்ள ஐதரசன் எரிந்து தீர்ந்த பின் அதன் வெளிப்பகுதி ஊதிப் பெருக்கும். பெருக்கப் பெருக்கச் சூடு தணிந்து சிவக்கும். காக்ரக்ஸ் நம் சூரியனைப்போல் எழுபது மடங்குக்கும் மேல் பருத்துவிட்டது. சூரியனுக்கும் இதே கதிதான், இன்னும் ஏறக்குறைய 500 கோடி ஆண்டுகளில்.

இங்கிருந்து காக்ரக்ஸ் சுமார் 88 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. மற்ற மூன்றுமோ ஏறக்குறைய 280, 320, 345 ஒளியாண்டுகளுக்கு அப்பால். அதாவது, உச்சி மீனுக்கும் மற்றவற்றுக்கும் இடையே உள்ள வெளி, நமக்கும் உச்சி மீனுக்கும் இடையே உள்ளதைவிடப் பெரிது. வேறொரு விண்மீனின் அருகே போய் நின்று பார்த்தால் அங்கே சிலுவை இராது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை இதை என்றாவது அறிந்துகொள்ளும். அன்று அப்பா சொன்ன "ஆமா"வோடு அப்பா சொன்ன மற்றவையும் சேர்ந்து ஆட்டங்காணும்.

இன்னொரு செய்தியையும் கேளுங்கள். ஆண்டவர் இவ்வுலகில் வாழ்ந்த காலத்தில் எருசலேமிலிருந்தும் இந்த நான்கு மீன்களும் தெரிந்தன. பூமியின் அச்சு பம்பரம்போல் மிக மெதுவாகச் சுழன்று சாய்வதால் இன்று முழுச் சிலுவையும் அங்கே எழுவதில்லை. அன்றோ, பாஸ்கா நாட்களின் இரவில், தென் அடிவானத்துக்குச் சற்று மேலே அது நின்றது. அக்காலத்து வானநூலார் அதில் சிலுவையைக் காணவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொலமி எழுதிய விண்மீன் பட்டியலில் அவை, பாதி மனிதனும் பாதி குதிரையுமான ஓர் உருவத்தின் கால்கள். பிற்காலத்தில் போர்த்துக்கேயக் கப்பலில் இந்தியாவுக்கு வந்த அந்திரேயா கோர்சாலி என்ற இத்தாலியர் அவற்றைச் சிலுவையாகவே கண்டு, வரைந்தும் காட்டினார். அவருடைய கடிதம் 1516இல் பிளாரன்ஸ் நகரில் அச்சாகியது. நம்மவர் மரபிலோ இது திரிசங்கு. விசுவாமித்திரர் மேலே ஏற்ற, இந்திரன் கீழே தள்ள, விண்ணுக்கும் மண்ணுக்கும் நடுவே தலைகீழாகத் தொங்கும் அரசன்!

அப்படியானால் சிலுவை வெறும் கற்பனைதானா? அப்படிச் சொல்லிவிடவும் முடியாது. ஹட்டனிலிருந்து வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இருப்பவருக்குத் தேயிலை மலை ஒரு பச்சைக் கம்பளம். அதே மலையில் நிரை பிடித்து நிற்கும் தாய்க்கு அது அட்டைக்கடி, சறுக்கும் சரிவு, முதுகுப் பாரம், மாலையில் கொழுந்து நிறுக்கும் தராசு. இருவரும் பொய் சொல்லவில்லை. பார்ப்பவர் எங்காவது ஓரிடத்தில் நின்றுதானே பார்க்க வேண்டும்? தான் நிற்குமிடத்திலிருந்து தெரிவதே முழுவதும் என்று தீர்ப்புச் சொல்லும்போதுதான் குற்றம் பிறக்கிறது. ஆகவே பிள்ளையிடம் தயங்காமல் சொல்லலாம்: விண்மீன்களைப் படைத்தவர் இறைவன்; இங்கே நின்று அவற்றைச் சிலுவையாகச் சேர்த்துப் பார்ப்பவர்கள் நாம். 'அப்ப வேற எடத்துல நின்னு பாத்தா?' என்று அடுத்த கேள்வி வரும். வரட்டும், நல்ல கேள்விதான்.

அந்தக் கேள்வியை நம் நாட்டின் பெரியவர்கள் கேட்டிருந்தால் மலையகத்தின் கதை வேறாக இருந்திருக்கும். இன்றிரவு நம் கண்ணில் படும் செவ்வொளி காக்ரக்ஸைவிட்டுப் புறப்பட்டது 1937ஆம் ஆண்டளவில். அதற்குச் சற்று முன், 1936இல், ஹட்டன் தொகுதியிலிருந்து கோ. நடேசய்யர் அரசாங்க சபைக்குத் தெரிவாகியிருந்தார். தோட்டத்து மக்களில் ஒரு பகுதியினருக்கு அன்று வாக்கு இருந்தது. ஒளி வழியில் இருக்கும்போதே 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மீதியையும் 75,000 வீதம் சரிபாதியாகப் பிரித்தார்கள்.

கணக்கில் பிழையில்லை. கொழும்பிலும் புதுடில்லியிலும் நின்று பார்த்தவர்களுக்கு அது சீராகவே தெரிந்தது. லயத்துக் காம்பராவின் வாசலில் நின்று பார்த்தவர்களுக்கோ, அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. எந்த நாட்டுக்கும் உரியவராகாமல் ஆண்டுக்கணக்கில் தொங்கியவர்களுக்குத் திரிசங்குவின் கதையைப் புராணத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

லூக்கா நற்செய்தியில் வரும் குடிக்கணக்கை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். பேரரசன் உரோமையில் இருந்துகொண்டு கட்டளையிட, நிறைமாதக் கர்ப்பிணியும் அவளுடைய கணவனும் பெயரைப் பதியப் பெத்லகேமுக்குப் போகிறார்கள். உரோமையிலிருந்து பார்த்தால் அவர்கள் வரிப் பட்டியலில் இரண்டு பெயர்கள். இறைமகன் பேரரசனின் மாளிகையில் வந்து நின்று உலகைப் பார்க்கவில்லை. எண்ணப்பட்டவர்களின் பக்கமாக வந்து பிறந்தார். இதை நாம் ஆண்டுதோறும் கிறிஸ்மஸ் குடில் வைத்துக் கொண்டாடுகிறோம். தோட்டக் கணக்கு, சங்கக் கணக்கு, ஏன், பங்கின் குடும்பக் கணக்கை எழுதும்போதுகூட, அது எத்தனை பேருக்கு நினைவில் இருக்கிறது?

2003இல் இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1937இல் புறப்பட்ட ஒளி அப்போது முக்கால் தூரத்தைக் கடந்திருந்தது. 1948இல் உரிமை இழந்தவர்களில் பலர் அதற்குள் மண்ணுக்குள் போயிருந்தார்கள். இன்னும் பலர் எப்போதோ தலைமன்னாரில் கப்பலேறியிருந்தார்கள். அப்படிப் போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில், தமிழ்நாட்டு அரசு அவர்களுக்கென்று அமைத்த தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். அங்கும் சித்திரை மாத இரவில் இதே சிலுவை தெற்கே நிமிர்ந்து நிற்கும், டிக்கோயாவில் தெரிவதைவிட நாலைந்து பாகை தாழ்வாக.