மசான வைராக்கியமும் இரவல் பாத்திரமும்

சீடன்: ஐயா, அப்பத்தாவை எடுத்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. சின்ன வயதில் எந்தச் சாவுக்கும் எங்களைக் கூட்டிப்போனதில்லை. பக்கத்து வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். இதுதான் எனக்கு முதல் சாவு. பேரன் என்பதால் நெய்ப்பந்தம் பிடித்தேன். கால் பெருவிரல் இரண்டையும் துணிக் கிழிசலால் கட்டியிருந்தார்கள். நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. வாய்க்கரிசி போடக் குனிந்தால், உதட்டில் வெற்றிலைக் காவி அப்படியே இருக்கிறது; அதில் நாலைந்து அரிசி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றிற்று. நானோ சாமி கும்பிடாதவன். துக்க வீட்டில் நன்றி எப்படி வரும்? என்னிடம்தான் ஏதும் கோளாறா?

குரு: கோளாறு ஒன்றும் இல்லை. எதிர் வீட்டில் பாத்திரம் இரவல் வாங்கினால் உன் அப்பத்தா எப்படித் திருப்பிக் கொடுப்பாள்?

சீடன்: வெறும் பாத்திரமாகக் கொடுக்கவே மாட்டாள். ஒரு பிடி அரிசி, இல்லையென்றால் ஒரு துண்டு வெல்லமாவது போட்டுத்தான் கொடுத்தனுப்புவாள்.

குரு: வாய்க்கரிசியும் அதுதான். இத்தனை வருஷம் உங்கள் வீட்டில் இருந்தது இரவல். வெறுமனே திருப்பிக் கொடுக்க உங்களுக்கு மனம் வரவில்லை. கை அரிசியைப் போட்டபோது மனசும் கும்பிட்டிருக்கிறது.

சீடன்: இரவல் என்றால் யாரிடம் வாங்கியது?

குரு: வாங்கினோம் என்பது முதலில் உறைக்கட்டும். யாரிடம் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

சீடன்: கொள்ளிக்குடத்தைச் சுற்றுக்கொரு ஓட்டை போட்டு, கடைசியில் உடைத்தே விடுகிறோமே. இரவல் பாத்திரத்தை உடைத்தா கொடுப்பார்கள்?

குரு: குடம் வேறு, பாத்திரம் வேறு. மேலே கேள்.

சீடன்: அப்பத்தா மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து, முதுகெல்லாம் புண்ணோடு போனாள். அதற்குமா நன்றி?

குரு: அதற்கு என்று நான் சொல்லவில்லையே.

(இவ்வளவு சுருக்கமான பதிலுக்கு உரிய கேள்வி அல்ல இது. ஆனால் தமக்குப் பிடித்த கேள்வி எப்போது வரும் என்று காத்திருக்கும் குருமார்களுக்கு மற்றக் கேள்விகள் எல்லாம் இடைஞ்சல். சீடனும் விட்டுக்கொடுத்துவிட்டான்.)

சீடன்: எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "இதுக்குப் பேருதாண்டா மசான வைராக்கியம். குளிச்சுத் தலை துவட்டுறதுக்குள்ள போயிரும்" என்றார். அவர் வாக்குப் பலித்துவிட்டது. மூன்றாம் நாளே வரப்புத் தகராறில் சித்தப்பாவோடு நான் சண்டை போட்டேன். அப்படியானால் அன்று வந்தது பொய்தானே?

குரு: இதைத்தான் நீ முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பிரசவ வைராக்கியம், புராண வைராக்கியம், மசான வைராக்கியம் என்று மூன்றைச் சேர்த்துச் சொல்வார்கள். வலியில் வந்தது வலியோடு போகும், கதை கேட்டு வந்தது கோயில் வாசலோடு போகும், சுடுகாட்டில் வந்தது குளியலோடு போகும். இதைச் சொன்னவன் மனுஷர்களை நன்றாக அறிந்தவன். ஆனால் அவன் கேலி செய்தது வைராக்கியத்தை. "இனி எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று கையை உதறுவது வைராக்கியம். உனக்கு வந்தது அதுவா? "இவ்வளவு வாங்கியிருக்கிறேனே" என்றல்லவா உனக்குத் தோன்றியது? வரப்புக்குச் சண்டை போட்டாய், சரி, வைராக்கியம் போயிற்று. அப்பத்தாவுக்கு நீ பட்ட கடனும் போயிற்றா? வாங்கியது மறந்துபோனால் இரவல் பாத்திரம் நம்முடையதாகிவிடுமா?

வைராக்கியமே நிலைத்துவிட்டவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் உங்கள் பக்கத்துத் திருச்சுழியில் பிறந்தவர்தான். 1896இல், மதுரையில் உறவினர் வீட்டு மாடி அறையில், 16 வயதுப் பையன் வேங்கடராமனுக்குத் திடீரென்று சாவு பயம் பிடித்தது. கையும் காலும் விறைக்கப் பிணமாகவே படுத்து, செத்துப்போவது எது என்று பார்த்தான். சில வாரங்களில் திருவண்ணாமலைக்குப் போய்விட்டான். ரமணராகி, 1950இல் உடம்பை விடும்வரை 54 வருஷம் அங்கேயே இருந்தார். அவருக்கு அது குளியலோடு போகவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. 1922இல் தாயார் அழகம்மாளுக்கு உயிர் பிரிந்த நாளில், அந்த அம்மாளின் தலையிலும் மார்பிலும் கை வைத்தபடி மணிக்கணக்கில் பக்கத்தை விட்டு அகலவில்லை. ஊரை, உறவை, பெயரைக்கூட விட்டவர் அதை விடவில்லை பார்.

நம்மைப் போன்றவர்களுக்கு மறக்கும். மறக்கும் என்று தெரிந்துதான் முன்னோர்கள் நாள் குறித்து வைத்தார்கள். மறுநாள் பால் தெளிப்பு, 16ஆம் நாள் கருமாதி, மாதா மாதம் அமாவாசை, அதிலும் ஆடி, புரட்டாசி, தை என்றால் விசேஷம், வருஷத்துக்கு ஒரு திதி. மனசு அப்படியே நிற்கும் என்று நம்பியிருந்தால் இத்தனை நாள் எதற்கு? எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது உனக்கு உருகிற்றா என்று எந்தச் சாஸ்திரிகளும் கேட்பதில்லை.

சாமி கும்பிடாதவன் என்றாய். கொள்ளி வைத்ததும் என்ன செய்தீர்கள்? திரும்பிப் பார்க்காமல் நடந்தீர்கள். காற்று மாறலாம், மழை வரலாம், அடுக்கிய வராட்டி சரியலாம். ராத்திரி முழுக்க எரிய வேண்டிய உடம்பை, முன்பின் தெரியாத ஒருவரிடம் விட்டுவிட்டு வந்தீர்கள். "நான் பாத்துக்கிறேன், போங்க" என்று அவர் சொன்னதை நம்பி வந்தீர்கள். தெய்வ நம்பிக்கை என்று நான் சொல்வதும் இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை.

(சீடன் இதற்குள் வாயைத் திறந்து மூடிவிட்டான். அவன் ஒருவன் எதிரில் இருப்பது குருவுக்கு இப்போதுதான் நினைவு வருகிறது.)

சீடன்: ஒன்று இடிக்கிறது ஐயா. பாத்திரத்தில் போட்டு அனுப்பும் அரிசியை எதிர் வீட்டில் உலை வைப்பார்கள். வாய்க்கரிசியைச் சமைத்துச் சாப்பிடுவது யார்?

குரு: சுடுகாட்டு வாசலில் பாடையை இறக்கினீர்களே, அங்கே இருந்தது அரிச்சந்திரன் கல். காசியில் மயானம் காத்தபோது, பிள்ளையின் பிணத்தோடு வந்த பெண்ணிடம் அவன் கேட்டது கால்பணமும் முழத்துண்டும். அவை இரண்டும் ஆண்டைக்கு. வாய்க்கரிசிதான் அவனுக்குக் கூலி என்று நம்மூர்க் கூத்தில் விடிய விடியப் பாடுவார்கள். நாடாண்டவன் அங்கே பசியாறியது அந்த அரிசியில்தான். இன்றும் பல ஊர்களில் மிச்ச அரிசி மயானம் பார்ப்பவர் வீட்டுக்குத்தான் போகிறது. அது இருக்கட்டும், அவருக்குக் கூலி என்ன கொடுத்தீர்கள்?

சீடன்: பெரியவர்கள்தான் பேசினார்கள். பேரம் பேசி ஐந்நூறு ரூபாய் குறைத்துவிட்டதாகச் சித்தப்பா வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார்.

குரு: அவர் பேர் என்ன?

சீடன்: சித்தப்பா பேரா?

குரு: விடிய விடிய உன் அப்பத்தாவைப் பார்த்துக்கொண்டவர் பேர்.

சீடன்: தெரியாது ஐயா.

குரு: கருமாதிக்கு ஊருக்குப் போவாய் அல்லவா? கேட்டுத் தெரிந்துகொள். அந்த ஐந்நூறையும் கையில் எடுத்துக்கொள்.

சீடன்: அவரை எங்கள் தெருவுக்குள் கூப்பிட மாட்டார்களே.

குரு: அவர் தெருவுக்கு நீ போ.