கீரிமலைத் தீர்த்தம்: புனிதம் இருப்பது எங்கே?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்குச் சற்று மேற்கே கீரிமலைக் கேணி இருக்கிறது. கேணிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மதில்தான். அப்பால் உப்பலை மோத, இப்பால் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் நன்னீர் ஊறுகிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள். அருகே நகுலேஸ்வரம், ஈழத்துப் பஞ்ச ஈச்சரங்களுள் ஒன்று. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இக்கோயிலை இடித்தனர். 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலரின் தூண்டுதலால் அதை மீண்டும் எழுப்பும் முயற்சி தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் கோயில் இல்லை, ஊற்று இருந்தது.

இந்நீரின் பெருமைக்கு ஊரார் இரண்டு கதைகள் சொல்வர். கீரி முகத்தோடு இருந்த நகுல முனிவர் இங்கே நீராடி மனித முகம் பெற்றார் என்பது ஒன்று. குதிரை முகம் வாய்த்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இங்கே நீராடிக் குணமடைந்து, பக்கத்து மாவிட்டபுரத்தில் கந்தசுவாமிக்குக் கோயில் எடுத்தாள் என்பது மற்றது. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில் இளவரசியின் கதை இடம்பெறுகிறது. இவற்றை வரலாறாக நிறுவ இயலாது. இரண்டிலும் குணப்படுத்துவது நீரே என்பதுதான் இங்கே முக்கியம்.

வழக்கத்தில் இத்தீர்த்தம் நோயாளிகளைவிட இறந்தோருக்கே அதிகம் உரியதாகிவிட்டது. ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தவர்கள் இங்கு வந்து எள்ளும் நீரும் இறைத்துப் பிதிர்க்கடன் செய்கிறார்கள். மாவிட்டபுரக் கந்தசுவாமி திருவிழாவின் தீர்த்தமும் அன்றுதான், இதே கீரிமலையில்தான். இறப்பை அடுத்து வரும் அந்தியேட்டிக் கிரியைக்கும் குடாநாட்டின் பல ஊர்களிலிருந்து குடும்பங்கள் இங்கு வருகின்றன.

இங்கே சைவத்தின் பழைய கேள்வி ஒன்று எழுகிறது. புனிதம் நீரில் இருக்கிறதா, நீராடுபவரின் மனத்தில் இருக்கிறதா? அப்பரின் பாவநாசத் திருக்குறுந்தொகை இதை ஈவிரக்கமின்றிக் கேட்கிறது. கங்கை, காவிரி, குமரித்துறை, கடல் என்று எங்கே மூழ்கினாலும், ஈசன் எங்கும் உள்ளான் என்று எண்ணாதவருக்குப் பயனில்லை என்பது அதன் கருத்து. அப்படியானால் கீரிமலைக்கு ஏன் போக வேண்டும்? வீட்டுக் கிணறே போதுமே. அதே அப்பர் வடக்கே ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார் என்று பெரியபுராணம் சொல்வதையும் சைவ மரபு விட்டுக்கொடுப்பதில்லை.

சைவ சித்தாந்தத்தின் விடை சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரத்தையொட்டி அமைகிறது. இறைவன் எங்கும் நிறைந்தவனே. ஆனால் மற்ற இடங்களில் பாலில் நெய்போல மறைந்தும், ஆலயத்திலும் அடியாரிடத்தும் தயிரில் நெய்போல விளங்கியும் நிற்கிறான். இந்த விளக்கத்தைத் தீர்த்தத்துக்கும் நீட்டலாம். இடத்துக்குச் சிறப்பு உண்டு, ஆனால் அது வேறிடங்களை வெறுமையாக்கும் சிறப்பு அன்று. அப்பர் மறுப்பது தீர்த்தத்தை அல்ல, தீர்த்தத்துக்கு வெளியே ஈசன் இல்லை என்னும் எண்ணத்தையே.

ஊர் இதை முழுதாக ஏற்றுக்கொண்டதா என்பது வேறு விடயம். 1968இல் ஒடுக்கப்பட்ட சாதியினர் மாவிட்டபுரம் கோயிலுக்குள் நுழைய முயன்றபோது அவர்கள் மறிக்கப்பட்டார்கள். அடியாரையும் ஆலயத்தையும் ஒருசேர வைத்து வணங்கச் சொல்கிறது சூத்திரம். ஆலயத்தை வைத்துக்கொண்டு அடியாரை வாசலில் நிறுத்தியவர்கள் அதில் பாதியைத்தான் படித்திருந்தார்கள் போலும்.

உள்நாட்டுப் போரின்போது, 1990 முதல், இப்பகுதி படையினரின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டது. மக்கள் இடம்பெயர்ந்தார்கள்; பல ஆண்டுகள் கீரிமலைக்கு வழக்கம்போல் போகவர முடியவில்லை. பிதிர்க்கடனோ நிற்கவில்லை. வேறு கரைகளிலும், கடல்கடந்த நாடுகளின் ஆறுகளிலும் அது நடந்தது. சாத்திரப்படி அவை குறைவுபட்டவை அல்ல. ஆயினும் வழி திறந்ததும் கூட்டம் கீரிமலைக்கே திரும்பியது. புனிதம் மனத்தில் மட்டும் என்று வாதிடுவோர் இதற்கு விளக்கம் சொல்லியாக வேண்டும்.

இனி அந்த நீருக்கே வருவோம். கடலோரத்தில் நன்னீர் வருவது எப்படி என்பதற்கு நிலவியலில் தெளிவான விடை உண்டு. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழை செம்மண் வழியே இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்குகிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசானது. ஆகவே அடியில் புகுந்திருக்கும் கடல்நீரின்மேல் அது மிதக்கிறது. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்தால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது பொதுக் கணக்கு. மிகுந்தது கரையை நோக்கி வழிந்து, வாய் கிடைத்த இடத்தில் ஊற்றாகிறது. அந்த வாய்களில் ஒன்றே கீரிமலை.

இந்த விளக்கம் புனிதத்தைக் குலைத்துவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. உள்நாட்டுக் கிணறுகளில் நிற்பதும் கேணியில் ஊறுவதும் ஒரே மழையின் நீர் என்று அது காட்டுகிறது. எங்கும் இருப்பது ஓரிடத்தில் வெளிப்படுகிறது என்ற சித்தாந்த விடையோடு இது ஒத்தே போகிறது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வெங்காயம், புகையிலை, மிளகாய்த் தோட்டங்களில் இடும் உரமும் மலக்குழிக் கசிவும் இதே வெடிப்புகளில்தான் இறங்குகின்றன. குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று குடிநீர் வரம்பைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததும் 2010களில் பெரும் விவகாரமானது. அளவுக்கு மீறி இறைத்தால் நன்னீர்ப் படலம் மெலிந்து உவர் ஏறும்.

தீர்த்தத்தில் உமிழ்வதும் அழுக்குத் துணி துவைப்பதும் கூடாது என்கிறது ஆசார விதி. கேணியின் படிக்கட்டோடு தீர்த்தம் முடிகிறது என்று கொண்டால் அந்த விதி போதும். மழை இறங்கும் நிலம் முழுவதும் தீர்த்தத்தில் அடங்கும் என்றால், தோட்டக்காரரின் உரமூட்டையும் வீட்டுக்காரரின் மலக்குழியும் அதே விதிக்குள் வந்தாக வேண்டும்.