அம்மியைப் போற்றுமுன்

சென்ற ஆண்டு எமது கோயில் மண்டபத்தில் நடைபெற்ற கலை மாலையில், மறைந்துவரும் எமது பாரம்பரியம் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி எம்மைக் கேட்டிருந்தார்கள். அம்மி, ஆட்டுக்கல், திரிகை என்று அடுக்கிக்கொண்டு போனோம். அம்மியில் அரைத்த சம்பலின் சுவை மின்சார இயந்திரத்தில் வருமா என்று கேட்டோம். அக்காலப் பெண்கள் கல்லோடு உழைத்தபடியால் நோய்நொடியின்றி வாழ்ந்தார்கள் என்றும் சொன்னோம். கைதட்டல் பலமாகவே இருந்தது. பேச்சு முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது வயதான அம்மையார் ஒருவர் அருகில் வந்தார். "தம்பி, நல்லாய்ப் பேசினீர். நீர் ஒரு நாளாவது அரைச்சனீரோ?" என்று கேட்டார்.

எம்மிடம் பதில் இருக்கவில்லை. கணக்காளராகத் தொழில் புரியும் நாம், வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாமல் விட்ட ஓர் ஏட்டைச் சபை நடுவே வாசித்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு பொருளின் பயனை அனுபவித்தவன் அதைப் போற்றுவது இயல்பு. ஆனால் அதன் பாரத்தைச் சுமந்தவரைக் கேளாமல் போற்றுவது நேர்மையாகுமா? இக்கேள்வியையே வாசக அன்பர்களுடன் சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

இங்கு பிறந்த பிள்ளைகளுக்காக, இக்கருவிகளைப் பற்றி முதலில் சிறிது சொல்ல வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் பூமி. அந்தக் கல் மென்மையானது. அதில் அரைத்தால் கல்லும் சேர்ந்து தேயும். ஆகவே அம்மிக்கு வேண்டிய கருங்கல் வெளியிலிருந்தே வரவேண்டியிருந்தது. அம்மி என்பது பட்டையான கல். அதன்மேல் உருளை போன்ற குழவியை இரு கைகளாலும் பிடித்து, முன்னே தள்ளியும் பின்னே இழுத்தும் அரைப்பார்கள். சம்பலுக்குச் செத்தல் மிளகாயையும் உப்பையும் முதலில் நசித்து, பிறகே தேங்காய்ப்பூவைச் சேர்ப்பார்கள். ஆட்டுக்கல்லிலோ குழியுள்ள கல் அசையாது, குழவியே சுழலும். ஒரு கை குழவியைச் சுழற்ற, மறு கை ஊறிய உழுந்தைக் குழிக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். கவனம் பிசகினால் விரல் நசியும். திரிகை உலர்ந்த தானியத்துக்கு உரியது. மேற்கல்லின் துவாரத்தில் பயறைப் பிடி பிடியாகப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், உடைந்த பருப்பு ஓரத்தால் கொட்டும்.

அரைத்து அரைத்து வழுவழுப்பாகிவிட்ட கல் அரைக்காது. அதை உளியும் சுத்தியலும் கொண்டு பொளிந்து மறுபடியும் சொரசொரப்பாக்க வேண்டும். கல் தேய்ந்தபோது பொளிவதற்கு ஓர் ஆள் வந்தார். அரைத்த கை தேய்ந்தபோது எவரும் வரவில்லை.

இன்று நம் இல்லங்களில் தோசைக்கு மா அரைக்கும் கிரைண்டருக்குள்ளும் சுழல்வது கல்தான் என்பதை மறந்துவிடுகிறோம். கல் மறையவில்லை, அதைச் சுழற்றிய கைதான் விடுதலை பெற்றது. அப்படியானால், மேடையில் ஏறி எதன் மறைவுக்காக நாம் வருந்தினோம்?

"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பது பழமொழி. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது அம்மி பறக்கவில்லை, நாம்தான் பறந்தோம். அப்போது எமக்கு வயது 14. தென்மராட்சியில் ஒரே வீட்டில் ஐந்து குடும்பங்கள் ஒதுங்கியிருந்தோம். அங்கே இருந்தது ஓர் அம்மி. விடியுமுன்பே பெண்கள் முறை வைத்து அரைப்பார்கள். அவர்கள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்பது எமக்குத் தெரியாது. சாப்பிட்டது மட்டும் நினைவிருக்கிறது. 1996இல் வீடு திரும்பியபோது கதவுகளும் இல்லை, ஓடுகளும் இல்லை. குசினிக்குப் பின்னால் அம்மி மட்டும் பாசி பிடித்துக் கிடந்தது. எங்களுக்காக அது காத்திருந்ததே என்று நாம் துள்ளினோம். தாயார் அதைத் தேய்த்துக் கழுவியபடியே, "கல்லுக்கென்ன தம்பி, அது கிடக்கும்" என்று மட்டும் சொன்னார். அச்சொல்லின் பொருள் அன்று எமக்கு விளங்கவில்லை.

பல ஆண்டுகளின் பின், அகதியாக வந்து இந்நாட்டில் வேரூன்றிய பிறகு, தாயாரை இங்கு அழைத்துக்கொண்டோம். வலது தோளும் முழங்கால்களும் நோகின்றன என்றார். வைத்தியரிடம் கூட்டிச் சென்றோம். இவர் முன்பு என்ன வேலை செய்தார் என்று வைத்தியர் வினவினார். மொழிபெயர்க்கச் சென்ற நாம் தாயாரைக் கேளாமலே, "வேலை எதுவும் செய்யவில்லை, வீட்டில்தான் இருந்தார்" என்று ஆங்கிலத்தில் சொன்னோம். வைத்தியரும் அப்படியே எழுதிக்கொண்டார். அவர் மீது பிழை இல்லை. பொய்க் கணக்கைக் கொடுத்தவர்கள் நாமே.

வாய் பொய் சொன்னாலும் எலும்பு சொல்லாது. சிரியாவில் யூப்ரடீஸ் நதிக்கரையிலிருந்த அபு ஹுரேரா என்ற கற்காலக் கிராமத்தை, அணைக்கட்டின் நீர் மூடுமுன் 1972, 1973ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தார்கள். அங்கு கிடைத்த எலும்புகளை ஆராய்ந்த தேயா மொல்லிசன் என்ற அறிஞர் 1994இல் தமது முடிவுகளை வெளியிட்டார். கால் பெருவிரல், முழங்கால், கீழ் முதுகு ஆகிய இடங்களில் தேய்வும் சிதைவும் காணப்பட்டன. மண்டியிட்டு அமர்ந்து அரைகல்லில் நெடுநேரம் தானியம் அரைத்ததன் விளைவு அது என்றார். அந்த எலும்புகள் பெரும்பாலும் பெண்களுடையவை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக எந்த ஏட்டிலும் ஏறாத உழைப்பு எலும்பில் எழுதப்பட்டிருந்தது. கல்லோடு உழைத்தவர்களுக்கு நோய் வரவில்லை என்று மேடையில் முழங்கிய நாம் இதைப் படித்து வெட்கினோம்.

எமது தொழிலும் இதில் குற்றமற்றதன்று. சம்பளம் இன்றி வீட்டில் சமைப்பதும் அரைப்பதும் நாடுகளின் தேசிய வருமானக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. நியூசிலாந்தில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மரிலின் வேரிங் 1988இல் ஒரு நூல் எழுதி இதைக் கடுமையாகச் சாடினார். கடையில் வாங்கிய சம்பல் உற்பத்தி; தாய் வீட்டில் அரைத்த சம்பல் ஒன்றுமில்லை. பல்கலைக்கழகத்தில் இதைப் பாடமாகப் படித்தபோது எமக்கு இதில் தவறேதும் தெரியவில்லை.

அப்படியானால் அம்மியை இகழ வேண்டுமா என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். இல்லை. அரைத்த சம்பலின் சுவை உண்மை. எவ்வளவு தண்ணீர் தெளிப்பது, எப்போது பதம் வந்தது என்று விரல் நுனியால் அறிந்த அறிவும் பெரிதே. அந்தப் பெண்களின் வாழ்வு முழுவதும் துன்பமே என்று சொன்னால் அதுவும் அவர்களுக்குச் செய்யும் அநீதியாகும். ஆனால் கொடை என்பது, மறுக்கக் கூடியவர் மனமுவந்து கொடுப்பது. எமது தாய்மாருக்கு மறுக்கும் வாய்ப்பு இருந்ததா என்று எவரும் கேட்டதில்லை. கேளாமல் பெற்றுக்கொண்டதைக் கொடை என்றும் தியாகம் என்றும் அழைப்பது, பெற்றுக்கொண்டவர்களுக்கு வசதியான சொல்.

அந்த அம்மையாரின் கேள்விக்குப் பிறகு ஒருநாள் தாயாரிடம் அதைக் கேட்டோம். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "கை உளைஞ்சதுதான். நீங்கள் ஆசையாய்ச் சாப்பிடேக்க சந்தோசமும்தான். ரெண்டும் இருந்தது. இப்பதான் கேக்கிறாய்" என்றார். வரவும் செலவும் சேர்ந்த சரியான கணக்கு அதுவே. அடுத்த முறை வைத்தியரிடம் சென்றபோது, "நாற்பது ஆண்டுகள் நாள்தோறும் கல்லில் அரைத்தவர்" என்று சொல்லிப் பதிவைத் திருத்திக்கொண்டோம். தோள் நோவு குறையவில்லை. தாயார் மட்டும் கதிரையில் சிறிது நிமிர்ந்து இருந்தார்.

எமது கோயிலிலும் ஓர் அம்மி உண்டு. திருமண நாட்களில் மட்டும் அது வெளியே வரும். அதில் எவரும் ஒருபோதும் அரைத்ததில்லை. மணமகள் அதன்மேல் கால் வைக்கும்போது, கல்லைப் போல் உறுதியாக இரு என்று அவளுக்குச் சொல்லப்படுகிறது. அவளுடைய காலைப் பிடித்துக் கல்லில் வைப்பதற்காக மணமகன் குனிகிறான். எமது ஆண்களில் பலர் அம்மிக்கு முன் குனிந்தது அந்த ஒரு தடவைதான். உறுதியாக இருக்கும்படி அவளிடம் கேட்கின்ற நாம், மண்டபத்தை விட்டு வீடு சென்ற பின்னும் குனியும்படி அவனிடம் கேட்க வேண்டாமா? இவ்வாண்டு திருமணம் நடைபெறவிருக்கும் இல்லத்தவர்கள் இதைச் சிறிது சிந்திப்பார்களாக.